12-க்கும் 99.98-க்கும் நடுவில்: உறுப்பு தானத்தில் ‘டிஃபால்ட்’ நிஜமாகவே வேலை செய்கிறதா?

#1 ஆற்றுமணல்

நடத்தை அறிவியல் என்று யார் பேச வந்தாலும் ஒரு பட்டை வரைபடத்தைத் திரையில் போட்டுவிடுகிறார்கள். உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்கள் ஜெர்மனியில் 12 சதவீதம், பக்கத்து வீடான ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். மொழி ஒன்று, பழக்கவழக்கம் ஏறத்தாழ ஒன்று. ஜெர்மனியில் தருகிறேன் என்பவர் போய்ப் பதிய வேண்டும். ஆஸ்திரியாவில் தரமாட்டேன் என்பவர் போய்ப் பதிய வேண்டும். ஒன்றும் சொல்லாதவரை எந்தப் பக்கம் சேர்க்கிறார்களோ அதுதான் ‘டிஃபால்ட்’. மற்றபடி வித்தியாசம் கிடையாதாம். மனுஷன் சும்மா இருப்பான், அந்தச் சும்மா இருப்பதை எந்தப் பக்கம் கணக்கில் எழுதுகிறோம் என்பதுதான் சூட்சுமம் என்கிறார்கள்.

என் கேள்விகள்: அந்த எண்கள் சரியா? சரி என்றால் ஆஸ்திரியாவில் தானம் எட்டு மடங்கு அதிகமா? நம் ஊர்ச் சட்டத்திலும் ஒரு வரியை மாற்றிவிட்டால் காத்திருப்போர் பட்டியல் கரைந்துவிடுமா?

#2 அரைக்கால்

எண்கள் சரி. எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003-ல் ‘சயன்ஸ்’ இதழில் போட்டது. ஆனால் அந்தப் பட்டையின் உயரம் எதை அளக்கிறது என்று பாருங்கள். ஜெர்மனியின் 12 ‘சம்மதம் சொன்னவர்கள்’. ஆஸ்திரியாவின் 99.98 ‘மறுப்பு சொல்லாதவர்கள்’. கத்தரிக்காயை ஒரு தட்டிலும் கத்தரிச்செடியை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்த மாதிரி.

அதே கட்டுரையில் யாரும் திரையில் போடாத இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, 161 பேரிடம் இணையத்தில் செய்த சோதனை. ‘தானம் இல்லை’ என்று தொடங்கி, வேண்டுமானால் மாற்றிக்கொள் என்றபோது சம்மதித்தவர்கள் 42 சதவீதம். ‘தானம் உண்டு’ என்று தொடங்கியபோது 82. எந்தப் பக்கமும் சாயாமல், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டபோது 79. மூன்றாவது எண்தான் முக்கியம். 82-ம் 79-ம் கிட்டத்தட்ட ஒன்று. அதாவது மறுப்பை முன்வைக்கும் படிவம், தர மனமிருக்கும் ஆட்களைத்தான் கோட்டை விடுகிறது. மனமில்லாதவர்களை டிஃபால்ட் இழுத்துக்கொண்டு வருவதாக இதில் தெரியவில்லை.

இரண்டாவது, பல நாடுகளின் உண்மையான தான எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு. மற்ற காரணங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பத்து லட்சம் மக்களுக்கு 14.1 தானக்காரர்கள் என்பது 16.4 ஆகிறது. சுமார் 16 சதவீத ஏற்றம். நல்ல ஏற்றம்தான், ஆனால் எட்டு மடங்கு எங்கே, இது எங்கே.

அப்புறம் நெதர்லாந்து. அங்கே 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் கடிதம் போட்டு, ‘பதியுங்கள், பதியுங்கள்’ என்று கேட்டார்கள். வரைபடத்தில் அவர்கள் பட்டை 27.5. விழிப்புணர்வு ஊர்வலம் நடத்துகிறவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்.

#3 ஆற்றுமணல்

அப்படியானால் அந்த 99.98 எங்கே ஒழுகிப்போகிறது? மறுக்காதவர்கள் எல்லோரிடமும் எடுக்கலாம் என்றுதானே சட்டம்?

#4 வெண்தாள்

ஒழுகும் இடம் ஒன்றா இரண்டா. படிவத்தைப் பற்றியே பேசுகிறவர்கள் ஐசியு வாசலை மறந்துவிடுகிறார்கள்.

முதலில், உறுப்பு தரக்கூடிய சாவே அபூர்வம். வீட்டில் இறந்தவரிடம் கண் எடுக்கலாம், 6 மணி நேரத்துக்குள். சிறுநீரகம், கல்லீரல், இதயம் எடுக்க, நம் நாட்டு நடைமுறையில், அவர் வென்டிலேட்டரில் இருக்கும்போது மூளைத்தண்டு செயலற்று இறந்திருக்க வேண்டும். தலையில் அடிபட்டது, மூளைக்குள் ரத்தக்கசிவு, பெரும்பாலும் இப்படி.

அதற்குப் பிறகு படிகள் இவை. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை, சளி உறிஞ்சும் குழாய் தொண்டையில் பட்டாலும் இருமல் இல்லை என்பதைப் பணியில் இருப்பவர் கவனித்து ‘இது மூளைச்சாவாக இருக்கலாம்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அடுத்து நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்யும் அணியைச் சேர்ந்த யாரும் அதில் இருக்கக் கூடாது. அந்தச் சோதனைகளில் கடைசியானது மூச்சுச் சோதனை: நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கரியமில வாயு 60 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டும்வரை மார்பையும் வயிற்றையும் கண்கொட்டாமல் பார்ப்பது. ஒரு அசைவும் கூடாது. இவ்வளவையும் குறைந்தது 6 மணி நேரம் கழித்து இன்னொரு முறை.

அந்த 6 மணி நேரத்தில் உடம்பு சும்மா இருக்காது. ரத்த அழுத்தம் சரியும். சிறுநீர் குடம் குடமாகப் போகும், சோடியம் ஏறும், உடம்பு குளிர்ந்துபோகும். நார்அட்ரினலின், வாசோபிரசின் போன்ற மருந்துகள், வெதுவெதுப்பாக்கும் போர்வை எல்லாம் வேண்டும். இதைக் கவனிக்க ஆளில்லாத ஐசியுவில் இரண்டாம் சோதனைக்கு முன்பே இதயம் நின்றுவிடும்.

பிறகு குடும்பம். விபத்து என்றால் கூடவே போலீஸ், போஸ்ட்மார்ட்டம். அப்புறம்தான் எடுப்பது. எடுத்த இதயத்துக்குக் கெடு சுமார் 4 மணி நேரம், கல்லீரலுக்கு 12, சிறுநீரகத்துக்கு ஒரு நாள் போல.

ஒரு வெறும் கணக்கு, புரிவதற்காக மட்டும். கண்டுபிடிப்பது, சான்றளிப்பது, உடம்பைக் காப்பது, குடும்பச் சம்மதம், போலீஸ் வேலை என்று ஐந்து படி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எண்பது தேறினாலும் கடைசியில் மிஞ்சுவது 33. குடும்பச் சம்மதத்தை மட்டும் நூற்றுக்கு நூறு ஆக்கினால் 41. டிஃபால்ட் சட்டம் அதிகபட்சம் தொடக்கூடியது இந்த ஒரு படியைத்தான், அதையும் முழுசாகத் தொடாது. ஆஸ்திரியா எட்டு மடங்கு போகாமல், ஜெர்மனியைப் போல் சுமார் இரண்டு மடங்கில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

#5 சட்டப்புள்ளி

வெண்தாள் அம்மா சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

இந்தியாவில் உறுப்பு மாற்றுக்கு 1994 சட்டம், 2011-ல் திருத்தம், 2014 விதிகள். உயிரோடு இருக்கும்போது உறுதிமொழி எழுதித் தரும் படிவம் 7. இறந்தபின் நெருங்கிய உறவினர் தரும் சம்மதம் படிவம் 8. மூளைத்தண்டு இறப்புச் சான்று படிவம் 10. 2011 திருத்தத்தில் முக்கியமானது ‘கேட்டே ஆக வேண்டும்’ என்ற விதி: ஐசியுவில் இப்படி ஓர் இறப்பு சான்றளிக்கப்பட்டால், ஏற்கெனவே உறுதிமொழி கொடுத்திருக்கிறாரா என்று விசாரிக்கவும், இல்லையென்றால் குடும்பத்துக்கு இந்த வாய்ப்பைத் தெரிவிக்கவும் மருத்துவமனை கடமைப்பட்டது. நடத்தை அறிவியல் பாஷையில் சொன்னால், நம் சட்டம் டிஃபால்ட்டை மக்கள் மேல் வைக்காமல் மருத்துவமனை மேல் வைத்திருக்கிறது. மோசமான யோசனை இல்லை.

இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் நெருங்கிய உறவினர் என்று முறையாக எழுதிய உறுதிமொழி இருந்தால் சட்டப்படி அது போதும். ஆனால் பெற்ற தாய் வேண்டாம் என்று அழும்போது படிவம் 7-ஐக் காட்டி அறுவை அரங்குக்குக் கொண்டுபோகிற மருத்துவமனை கிடையாது. இருக்கவும் கூடாது என்பது என் கட்சி.

இன்னொன்று, சம்மதத்துக்குப் பிறகு உடம்பைப் பராமரிக்கும் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்று 2014 விதிகள் சொல்கின்றன. இதைக் குடும்பத்திடம் யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் ‘பில்லு ஏத்துறதுக்குத்தான் மெஷின்ல வச்சிருக்காங்க’ என்ற பேச்சு கிளம்புகிறது.

#6 கோணல்மரம்

இந்த ‘நட்ஜ்’ (கட்டாயப்படுத்தாமல், கேட்கும் விதத்தை மாற்றி ஆட்களை ஒரு பக்கம் மெல்லத் தள்ளுவது) வியாபாரமே எனக்குச் சந்தேகம். படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலே போடச் சொன்னால் மக்கள் பொய் குறைவாகச் சொல்வார்கள் என்று 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. அரசாங்கங்கள் படிவத்தை மாற்றின. 2020-ல் அதே ஆசிரியர்கள் திரும்பச் செய்து பார்த்து, பலிக்கவில்லை என்றார்கள். 2021-ல் அதில் இருந்த கார் காப்பீட்டுத் தரவே ஜோடனை என்று அம்பலமாகி, கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நேர்மையைப் பற்றிய ஆய்வு என்பதுதான் இதில் ருசி.

இந்த லட்சணத்தில் உயிர் விஷயத்தில் இவர்களை நம்பிச் சட்டம் போடணுமா?

#7 அரைக்கால்

கோணல்மரம் அண்ணே, கோபம் நியாயம். ஆனால் ஒரு சொத்தைக்காக மூட்டையைக் கொட்டாதீர்கள். அதைவிட நல்ல எண் ஒன்று உங்களுக்கு நானே தருகிறேன். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் 2022-ல் வெளியிட்டது. பல்கலைக்கழக ஆய்விதழ்களில் வந்த நட்ஜ்களின் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவில் அரசுக்காக இந்த வேலையைச் செய்யும் இரண்டு பெரிய நட்ஜ் அலகுகள் நடத்திய 126 சோதனைகள், 2 கோடியே 30 லட்சம் பேர், அவற்றின் சராசரி 1.4. வித்தியாசத்துக்குப் பெரும்பங்கு காரணம், பலிக்காத சோதனை இதழில் அச்சாவதில்லை. அரசு அலகுகள் பலித்தது பலிக்காதது எல்லாவற்றையும் கணக்கில் வைத்திருந்தார்கள்.

1.4 கேவலமா? ஒரு கடிதத்தின் வாசகத்தை மாற்றும் செலவுக்கு 1.4 லாபம். ஆனால் அமைச்சர் மேடையேறி ‘புரட்சி’ என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

டிஃபால்ட் மட்டும் இந்தக் கூட்டத்தில் தனிச்சாதி. முடிவும் விளைவும் ஒரே ஆளின் கையில் இருந்தால் அது பெரிதாக வேலை செய்யும். அமெரிக்க நிறுவனம் ஒன்றில் ஓய்வூதியச் சேமிப்பில் ஆட்களைத் தானாகச் சேர்த்தபோது பங்கேற்பு 49-லிருந்து 86 சதவீதமானது என்று 2001-ல் பிரிஜிட் மாட்ரியனும் டென்னிஸ் ஷீயும் காட்டினார்கள். அங்கே சம்பளம் பிடித்தவுடன் சேமிப்பு நடந்துவிட்டது. நடுவில் ஐசியு இல்லை, மாமா இல்லை, போலீஸ் இல்லை. உறுப்பு தானத்தில் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், கடைசியில் தலையாட்டுகிறவர் வேறொருவர்.

இந்த இரண்டாமவர் மனசைப் பற்றி 2012-ல் டேவிடை, கிலோவிச், ராஸ் மூவரும் செய்த ஆய்வு அருமை. விருப்பமுள்ளவர் பதிய வேண்டிய நாட்டில் தானம் என்பது இறந்தபின் சொத்தில் பாதியை தர்மத்துக்கு எழுதி வைப்பதுபோலப் பெருஞ்செயலாகத் தெரிகிறது. மறுப்பவர் பதிய வேண்டிய நாட்டில், வரிசையில் ஒருவருக்கு வழிவிடுவதுபோலச் சாதாரணமாகத் தெரிகிறது. டிஃபால்ட் சோம்பலைப் பயன்படுத்துவதோடு நிற்பதில்லை, ‘இங்கே வழக்கம் இதுதான்’ என்று சேதியும் சொல்கிறது. அந்தச் சேதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எல்லோரும் சும்மாவே ‘சம்மதித்தவர்கள்’ ஆகிவிட்டால், அவர் உண்மையில் என்ன நினைத்தார் என்று குடும்பத்துக்குத் தெரிய வழியில்லை. அவர் கையெழுத்திட்ட அட்டை ஒன்று பையில் இருந்தால் அது ஒரு வாக்குமூலம். மௌனம் வாக்குமூலம் ஆகாது.

‘நட்ஜ்’ என்ற சொல்லைப் பரப்பிய, நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரே உறுப்பு தானத்துக்கு இந்த ‘சம்மதித்ததாகக் கொள்ளும்’ முறையை ஆதரிக்கவில்லை. எளிதாகப் பதிய வையுங்கள், அடிக்கடி கேளுங்கள் என்பதுதான் அவர் சொல்வது. இது தெரியாமல் அவர் பெயரில் சட்டம் கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

#8 தேக்காக்காரன்

சிங்கப்பூர் நிலவரம், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்களையும் தொடும் டிஃபால்ட் சட்டம் இங்கே 1987-லிருந்தே உண்டு. முதலில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும். 2004-ல் எல்லா வகை இறப்புக்கும், கல்லீரல், இதயம், விழிவெண்படலத்துக்கும் விரித்தார்கள். ஆரம்பத்தில் விலக்கி வைத்திருந்த முஸ்லிம்களை 2008-ல் சேர்த்தார்கள். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர், பின்னால் தனக்கு உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் பின்னுக்குப் போவார்.

சட்டம் இவ்வளவு கறார். இறந்தவர்களிடமிருந்து வரும் தானம் இன்னும் பத்து லட்சத்துக்கு ஒற்றை இலக்கம்தான். 2007-ல் ஒரு குடும்பம் இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்று மருத்துவர்கள் முன் மண்டியிட்ட செய்தி ஊரையே உலுக்கியது. சட்டப்படி யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் அந்தக் காட்சிதான் எல்லோர் மனசிலும் நின்றது.

வேறு ஊர்களில் இன்னும் மோசம். பிரேசில் 1997-ல் இப்படிச் சட்டம் போட்டு, அடுத்த வருஷமே ரத்து செய்தது. அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை இல்லாத மக்கள், மறுப்பைப் பதிய அலுவலகங்களுக்கு ஓடினார்கள். சிலியில் 2010-ல் கொண்டுவந்தார்கள், தானம் குறைந்தது, மறுத்தவர்களின் பட்டியல் நீண்டது.

#9 ஆற்றுமணல்

பிரிட்டனிலும் கொண்டுவந்தார்களே, பலித்ததா? ஸ்பெயின்தான் உலகத்தில் முதலிடம் என்கிறார்கள், அங்கேயும் இதே சட்டம்தானே?

#10 அரைக்கால்

பிரிட்டன் இரண்டு மாதிரி. வேல்ஸ் 2013-ல் சட்டம் இயற்றி, 2015 டிசம்பர் 1-ல்தான் அமலாக்கியது. நடுவில் இரண்டு வருஷம் வீடு வீடாகச் சேதி போனது, தாதியருக்குப் பயிற்சி நடந்தது. 58 சதவீதமாக இருந்த குடும்பச் சம்மதம் 2018-19-ல் 77 ஆனது. இங்கிலாந்து 2020 மே 20-ல் தொடங்கியது. கொரோனா உச்சம், ஐசியு வாசலில் குடும்பமே நிற்க முடியாத காலம். அங்கே சம்மதம் ஏறவில்லை, அடுத்த சில வருஷங்களில் 60-ஐ ஒட்டி இறங்கியது. சட்ட வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். இதைக் கொரோனாவின் தலையில் மட்டும் கட்டலாமா என்பது வேறு விவாதம்.

ஸ்பெயினை வெண்தாள் சொல்லட்டும்.

#11 வெண்தாள்

ஸ்பெயினில் சட்டம் 1979-லேயே வந்துவிட்டது. பத்து வருஷம் கழித்தும் பத்து லட்சத்துக்கு 14 தானம். 1989-ல் தேசிய அமைப்பு ஒன்றை ரஃபேல் மடெசான்ஸ் தலைமையில் நிறுவினார்கள். அதன்பிறகு பத்தே வருஷத்தில் 30-ஐத் தாண்டி, இப்போது 50-ஐ ஒட்டி நிற்கிறது. சட்டத்தில் ஒரு வார்த்தை மாறவில்லை. சட்டத்தால் வந்தது இல்லை என்று மடெசான்ஸே திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே எப்போதும் குடும்பத்தைக் கேட்கிறார்கள், நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சம்மதிக்கிறார்கள்.

அவர்கள் மாற்றியது ஆட்களை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒருங்கிணைப்பாளர், அவர் பெரும்பாலும் அந்த ஐசியுவிலேயே வேலை செய்யும் மருத்துவர். ஐசியுவில் நடந்த ஒவ்வொரு மூளை இறப்பையும் பின்னால் எடுத்துப் பார்த்து ‘இது ஏன் தவறியது’ என்று எழுதுகிறார்கள். அறுபது வயது தாண்டியவர்களிடமும் எடுக்கிறார்கள், இதயம் நின்று இறந்தவர்களிடமும் எடுக்கிறார்கள். ஆகையால் அந்த 50 முழுக்கச் சம்மதத்தின் வெற்றி மட்டுமல்ல. பயன்படாது என்று நாம் தள்ளும் தானங்களை அவர்கள் தள்ளுவதில்லை.

கேட்கும் முறைதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. நடத்தை அறிவியலுக்கு வேலை இருக்கும் இடம் அது.

இறந்த செய்தியும் தானக் கேள்வியும் ஒரே மூச்சில் வரக் கூடாது. முதலில் சாவைச் சொல்ல வேண்டும். அது உள்ளே இறங்க நேரம் விட வேண்டும். ‘இனி என்ன செய்யணும்’ என்று குடும்பமே கேட்கும்போது அடுத்த பேச்சு. சிகிச்சை பார்த்த மருத்துவர் சாவைச் சொல்லட்டும், தானத்தைப் பற்றி ஒருங்கிணைப்பாளர் பேசட்டும். வராந்தாவில் நின்றபடி பேசக் கூடாது. கதவுள்ள அறை, எல்லோருக்கும் நாற்காலி, தண்ணீர்.

தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு சொல் தகராறு. ‘மூளைச்சாவு’ என்றதுமே ‘மூளைதானே செத்தது, ஆள் இருக்கானே’ என்று மனசு போகிறது. செய்தித்தாளும் ‘மூளைச்சாவு அடைந்து சிகிச்சை பெற்று வந்தார்’ என்று எழுதி வைக்கிறது. செத்தவருக்கு என்ன சிகிச்சை? ‘உயிர் காக்கும் கருவி’ என்றாலும் இதே வினை. காக்க உயிர் இருப்பதாகத்தானே அர்த்தம். சொல்ல வேண்டியது: ‘அவர் இறந்துட்டார். ரெண்டு தடவை சோதிச்சாச்சு, ரெண்டாவது சோதனை இத்தனை மணிக்கு முடிஞ்சுது. நெஞ்சு ஏறி இறங்குறது மெஷின் காத்தை உள்ள தள்றதால. மூச்சு அவர் விடலை.’ இதைச் சொன்னபின் ‘அவருக்கு இப்ப எப்படி இருக்கு’ என்று யாராவது கேட்டால் இன்னும் புரியவில்லை என்று பொருள். அந்த நிமிஷத்தில் தானப் பேச்சை எடுப்பது பாவம், பலனும் இல்லை.

கேள்வியை ‘குடுக்கிறீங்களா, மாட்டீங்களா’ என்று வைத்தால், குடும்பம் தன் பொறுப்பில் ஒரு வெட்டைத் தாங்க வேண்டியதாகிறது. ‘அவர் எப்படிப்பட்டவர்? அவர்கிட்டயே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார்?’ என்றால் முடிவு அவருடையதாகிறது. இது தந்திரம் இல்லை, உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ‘இல்லைன்னுதான் சொல்லியிருப்பார்’ என்று வந்தால் அத்தோடு எழுந்துவிட வேண்டும்.

நேரத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சம்மதத்துக்குப் பின் உடலைக் கொடுக்கப் பெரும்பாலும் அரை நாளுக்கு மேல் ஆகும். ‘ரெண்டு மணி நேரத்துல குடுத்துடுவோம்’ என்று சமாதானத்துக்குச் சொல்லிவிட்டால், ஊரில் பந்தல் போட்டுக் காத்திருக்கும் அத்தனை பேரும் அடுத்த பத்து வருஷத்துக்கு அதையே பேசுவார்கள்.

கடைசியாக, ‘உடல் தானம்’ வேறு, ‘உறுப்பு தானம்’ வேறு. உடல் தானம் என்றால் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடும். உறுப்பு தானத்தில் உடல் தைக்கப்பட்டு வீட்டுக்கு வரும், சடங்கு எல்லாம் செய்யலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மறுக்கிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு வாக்கியத்தில் தீர்கிற குழப்பம்.

#12 கோணல்மரம்

இது சரியாகப் படுகிறது. ஆனாலும் நம்பிக்கை என்ற ஒன்று உடைந்தால் இந்த நாற்காலி, தண்ணீர் எதுவும் உதவாது. கேரளத்தைப் பாருங்கள். இறந்தவர்களிடமிருந்து தானம் 2015-ல் 76, 2016-ல் 72, 2017-ல் 18, 2018-ல் 8. மூளை இறப்பைச் சான்றளிப்பதில் முறைகேடு என்ற குற்றச்சாட்டுகள், நீதிமன்ற வழக்குகள். மருத்துவர்களும் கையெழுத்துப் போடப் பயந்தார்கள். மக்கள் மனசு எவ்வளவு மாறியது, மருத்துவர்கள் எவ்வளவு ஒதுங்கினார்கள் என்று இரண்டையும் பிரிக்காமல் ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்வது சோம்பேறித்தனம்.

#13 சட்டப்புள்ளி

ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கம்: 2008-ல் இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டம் தொடங்கியது. அந்த வருஷ செப்டம்பரில் விபத்தில் இறந்த ஓர் இளைஞனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோரே முன்வந்து கொடுத்தது ஊரெல்லாம் பேசப்பட்டது. பேச்சு மட்டும் போதாது, சான்றளிப்பு முறை, ஒருங்கிணைப்பாளர், பங்கிடும் வரிசை என்று அரசாணைகள் கூடவே வந்ததால்தான் நிலைத்தது. 2021 நவம்பரில் மத்திய அரசு சூரியன் மறைந்த பிறகும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று அனுமதித்தது, உறுப்பு தானத்துக்கு முன்னுரிமை கொடுத்து. ‘பாடி எப்ப கிடைக்கும்’ என்ற கேள்விக்கு ஒரு இரவு மிச்சம். என் கணக்கில் எந்தச் சுவரொட்டியையும்விட இது பெரிய நட்ஜ்.

2023 செப்டம்பர் 23-ல், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதல்வர் அறிவித்தார். 2023-ல் 178 தானக்காரர்கள், 2024-ல் 268.

#14 ஆற்றுமணல்

ஆக மரியாதை வேலை செய்திருக்கிறது!

#15 அரைக்கால்

அவசரப்படாதீர்கள். நடந்திருக்கலாம். மாலையோடு அதிகாரி தெருவுக்குள் வரும்போது தானம் என்பது ‘அறுத்துட்டாங்க’ என்பதிலிருந்து ‘கௌரவம்’ என்று பொருள் மாறுகிறது, அக்கம்பக்கம் பார்க்கிறது, டேவிடை ஆய்வு சொன்னதும் இந்தப் பொருள் மாற்றத்தைத்தான். ஆனால் அதே காலத்தில் உறுப்பு எடுக்க உரிமம் பெற்ற அரசு மருத்துவமனைகளும் கூடின. எது எவ்வளவு என்று இந்த இரண்டு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அறிய வேண்டியது தானக்காரர் எண்ணிக்கையை அல்ல: எத்தனை மூளை இறப்பு சான்றளிக்கப்பட்டது, எத்தனை குடும்பத்திடம் கேட்கப்பட்டது, எத்தனை சம்மதித்தன. மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் மரியாதையின் வேலை தெரியும். முதலாவது கூடியிருந்தால் அது மருத்துவமனைகளின் வேலை.

சோதனை செய்து பார்த்துவிடலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. குடும்பச் சம்மதம் 60-லிருந்து 65 ஆகிறதா என்று வழக்கமான துல்லியத்தில் கண்டுபிடிக்க, பழைய முறையில் கேட்கும் பக்கம், புது முறையில் கேட்கும் பக்கம் என்று ஒவ்வொரு பக்கமும் சுமார் 1,500 குடும்பங்கள் வேண்டும். பல வருஷம் ஆகும். 60 என்பது 80 ஆகும் அளவு பெரிய விளைவென்றால் பக்கத்துக்கு 80 சொச்சம் போதும். குலுக்கல் முறையில் குடும்பங்களை இரண்டு பக்கமாகப் பிரிக்கவும் முடியாது. ஒரே ஒருங்கிணைப்பாளர் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் இன்னொரு மாதிரியும் பேசமாட்டார். மருத்துவமனையை அலகாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் பார்ப்பதே வழி.

உறுதிமொழிப் பக்கம் என்றால் சுலபம். 2 சதவீதத்தை 3 ஆக்குகிறதா என்று பார்க்கப் பக்கத்துக்கு 3,800 பேர் போதும். பிரிட்டனில் 2013-ல் வண்டி வரி கட்டும் இணையப் பக்கத்தில் எட்டு விதமான வாசகங்களைப் பத்து லட்சம் பேருக்கு மேல் காட்டிப் பார்த்தார்கள். ஜெயித்தது: ‘உங்களுக்கு உறுப்பு தேவைப்பட்டால் வாங்கிக்கொள்வீர்களா? அப்படியானால் மற்றவர்களுக்கும் உதவுங்கள்.’ வருஷத்துக்கு 96,000 பதிவு கூடுதலாக வரும் என்று கணித்தார்கள். சிரித்த முகத்தோடு ஒரு கூட்டத்தின் படம் போட்ட வடிவம், படமே இல்லாததைவிட மோசமாகப் போனது. நம் சுவரொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

#16 சட்டப்புள்ளி

நம் ஓட்டுநர் உரிம விண்ணப்பத்திலும் விபத்தில் இறந்தால் உறுப்பு தர விருப்பமா என்ற கேள்வி உண்டு. சிக்கல், படிவத்தைப் பாதி இடங்களில் டிரைவிங் ஸ்கூல்காரர்தான் நிரப்புகிறார். கேள்வி உரியவர் கண்ணில் படுவதே இல்லை. எந்த வாசகம் போட்டாலும் அது படிக்கப்போவது ஏஜென்ட்.

#17 ஆற்றுமணல்

சரி, சட்டத்தை விட்டுவிடுகிறேன். எங்கள் வாசகர் வட்டம் ஒரு கையடக்க உறுதிமொழி அட்டை அடிக்கப்போகிறது. வரைவு:

‘உங்களுக்கு உறுப்பு தேவைப்பட்டால் ஏற்பீர்களா? அப்படியானால்: ☐ என் உறுப்புகளைத் தரச் சம்மதம் ☐ சம்மதம் இல்லை. கையெழுத்து. சாட்சி 1. சாட்சி 2 (மனைவி).’

#18 அரைக்கால்

‘சம்மதம் இல்லை’ கட்டத்தை எடுத்துவிடுங்கள். ஜட் கெஸ்லரும் ஆல்வின் ராத்தும் 2014-ல் இதைப் பார்த்தார்கள். ஆம்/இல்லை என்று கட்டாயப்படுத்திக் கேட்பதால் ஆம் கூடவில்லை. ஆனால் எழுத்தில் ‘இல்லை’ என்று இருந்தால், பின்னால் குடும்பம் சம்மதிக்கத் தயங்குகிறது. இன்று சும்மா தயங்குகிறவரின் தயக்கம் நாளைக்கு நிரந்தர மறுப்பாக நின்றுவிடும்.

கீழே ஒரு வரி சேருங்கள்: ‘இதை வீட்டில் யாரிடம், எப்போது சொல்வேன்: ______’. எப்போது என்று எழுத வைத்தால்தான் சொல்வார்கள்.

#19 வெண்தாள்

சாட்சி 2-ல் ‘மனைவி’ என்று அச்சடிக்காதீர்கள். அட்டை வாங்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? ‘உறவுமுறை’ என்று காலியாக விடுங்கள். யாரை எழுதுவது என்று கேட்டால், கூட வசிப்பவர் ஒருவர், வீட்டில் யார் பேச்சுக்கு மறுபேச்சு இல்லையோ அவர் ஒருவர் என்று சொல்லுங்கள். ஐசியு வாசலில் மனைவி தலையாட்டிய பிறகும், ஊரிலிருந்து வரும் பெரியப்பாவுக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். அவர் கையெழுத்தே அட்டையில் இருந்தால் அவர் வந்து இறங்கும்போது முதல்முறையாகக் கேள்விப்படுகிறவராக இருக்கமாட்டார்.

அட்டையில் ‘உடல் உறுப்பு’ என்பதில் ‘உறுப்பு’ பெரிய எழுத்தில் இருக்கட்டும்.